எந்த டப்பாவில் போடுவது

உட்காரம்மா. அந்த நாற்காலி வேண்டாம், அது இவருடையது. இந்த ஸ்டூலில் உட்கார், ஃபேன் காற்று நேராக வரும். குப்பை பற்றிச் சர்வேயா? எம்.எஸ்ஸி. முடித்திருக்கிறேன் என்கிறாய், குப்பையைப் பற்றிக் கேட்கவா உன்னை வீடு வீடாக அனுப்புகிறார்கள்? போகட்டும். கார்ப்பரேஷனுக்காகத்தானே கேட்கிறாய்? அப்படியென்றால் நல்லதாகப் போயிற்று. உன் கேள்விக்கெல்லாம் பதில் சொல்கிறேன். கூடவே ரவணம்மா விஷயத்தையும் உன்னிடம் சொல்லிவிடுகிறேன். நாளைக் காலையில் சூப்பர்வைசர் என் வாசலுக்கு வரப் போகிறார்.

ரவணம்மா யாரா? எங்கள் தெருவுக்குக் குப்பை வண்டி கொண்டுவருகிறவள். காண்ட்ராக்ட் ஆள். இப்போது வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நாளைக்கு விசாரணை. நான் ஒரு வார்த்தை சொன்னால் அவளுக்கு வேலை திரும்பக் கிடைக்கும், சொல்லாவிட்டால் போனது போனதுதான் என்று தெருவில் வேலை செய்கிற பெண்கள் எல்லாம் பேசிக்கொள்கிறார்களாம். என் தலையில் கொண்டு வந்து வைக்கிறார்கள் பார். எனக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? முழுதும் கேட்டுவிட்டு நீயே சொல்.

என்ன, முதல் கேள்வியா? கேள். வீட்டிலேயே தரம் பிரிக்கிறோமா என்றா? பிரிக்காமல் என்னம்மா. என் மாமியார் காலத்திலிருந்து பிரிக்கிற வீடு இது. பூஜைப் பாத்திரம் தனி. கவிச்சி சமைக்கிற பாத்திரம் தனி, அதைத் தேய்க்கிற நார்கூடத் தனி. வேலைக்காரிக்குக் காபி கொடுக்கிற டம்ளர் பின்பக்க ஜன்னலில் தனியாகக் கவிழ்த்து வைத்திருப்பேன், வேறு யார் கையும் படாது. ரவணம்மாவுக்கு ஒரு டம்ளர், அது வாசல் பக்கம். பிரித்து வைப்பதில் எங்கள் வீட்டை யாரும் அடித்துக்கொள்ள முடியாது.

குப்பையா? குப்பையைக் கேட்கிறாயா. குப்பை ஒரே பைதான். குப்பையைப் போய்ப் பிரித்து என்ன செய்யப் போகிறோம், எல்லாம் குப்பைதானே. நீ 'ஆமாம்' என்றே போட்டுக்கோ.

தினமும் வண்டியில் கொடுக்கிறோமா என்றால், அதில் ஒரு சங்கடம் இருக்கிறது. ரவணம்மா விசில் ஊதிக்கொண்டு வருகிற நேரத்தில் நான் பூஜையில் இருப்பேன். பூஜையிலிருந்து எழுந்து வந்து குப்பையைத் தொட முடியுமா? நீயே சொல். அதனால் எங்கள் பையை இவர் வாக்கிங் போகும்போது கையோடு எடுத்துக்கொண்டு போவார். அடுத்த தெருவில் ஒரு காலி மனை இருக்கிறது, யாருடையதோ. எங்கள் வாசலில் ஒரு துரும்பு போட மாட்டோம் நாங்கள்.

ஆனால் மற்றவர்கள் அப்படியா? முன்பு எங்கள் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி பெரிய குப்பைத்தொட்டி ஒன்று இருந்தது. தொட்டியே இல்லாத நகரமாக ஆக்கப் போகிறோம் என்று கார்ப்பரேஷனிலிருந்து வந்து அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள். தொட்டியைத்தான் தூக்கினார்கள், ஜனங்களின் கையை என்ன செய்ய முடியும்? பழகின கை. தொட்டி இருப்பதாகவே நினைத்துக்கொண்டு போட்டார்கள். அதிலும் எங்கள் தெருக்காரர்களைச் சொல்ல மாட்டேன். எல்லாம் அடுத்த தெரு ஆட்கள். அவர்கள் இந்தப் பக்கம் வாக்கிங் வருகிறார்கள், கையில் பையோடு. என்ன ஜன்மங்களோ. இவரும் அவர்களும் நடுவழியில் பார்த்துக்கொள்வார்களாம், குட்மார்னிங் சொல்லிக்கொள்வார்களாம்.

எத்தனை தடவை எழுதிப் போட்டேன் தெரியுமா அந்தச் சுவரில். 'இங்கே குப்பை கொட்டாதீர்' என்று முதலில் மரியாதையாக எழுதினேன். பிறகு மரியாதை இல்லாமல் எழுதினேன். அந்த எழுத்து மறைகிற உயரத்துக்குக் குப்பை கொட்டினார்கள். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. சாமி படம் போட்ட டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்று. ஊரெல்லாம் செய்கிறார்கள், சுவரில் ஒதுங்குகிறவர்களைத் தடுக்க. குப்பைக்கும் கேட்காதா என்ன?

பிள்ளையார் ஒன்று போதும் என்றுதான் கடைக்குப் போனேன். டைல்ஸ் கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "பிள்ளையாருக்கு நம்ம ஆளுங்க மட்டும்தாம்மா பயப்படுவாங்க. மத்தவங்க கொட்டுவாங்களே? மூணு மதமும் சேர்ந்த செட்டா எடுத்துட்டுப் போங்க" என்றார். நியாயமான பேச்சு. எங்கள் பக்கம் மூன்று மதத்துக்காரர்களும் ஒற்றுமையாகத்தான் கொட்டிக்கொண்டிருந்தார்கள். செட்டாகவே வாங்கி வந்து, நல்ல நாள் பார்த்து, கொத்தனாரை வைத்து ஒட்டினேன். மஞ்சள் குங்குமம் வைத்து ஒரு ஊதுவத்தியும் ஏற்றினேன்.

நம்ப மாட்டாய். மறுநாளே குப்பை நின்றுவிட்டது. கையில் பையோடு வந்தவர்கள் சுவரைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, பையைக் கை மாற்றிக்கொண்டு, நேரே போய்விட்டார்கள். எங்கே போனார்களோ, அது எனக்குத் தெரியாது. எங்கள் தெருச் சங்கத் தலைவர் கஜபதி சார் கூட்டத்தில் என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். கைதட்டினார்கள். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர், சும்மா யாரையும் பாராட்டிவிட மாட்டார்.

அப்புறம் ஆரம்பித்தது பார்.

முதலில் யாரோ ஒரு பழைய தினசரி காலண்டர் அட்டையைக் கொண்டுவந்து டைல்ஸுக்குக் கீழே சாத்தி வைத்துவிட்டுப் போனார்கள். முருகன் படம் போட்ட அட்டை. சாமி படத்தைக் குப்பையில் போட முடியுமா? அவர்கள் வீட்டில் எங்கே வைப்பது என்று தெரியாமல் இருந்திருக்கும். சாமி இருக்கிற இடத்தில் சாமியை வைப்பதில் தப்பில்லை என்று நானும் விட்டுவிட்டேன். அடுத்து கல்யாணப் பத்திரிகைகள். தலையில் பிள்ளையார் அச்சடித்திருக்கிறதே, கிழிக்கவும் முடியாது, எறியவும் முடியாது. அதற்குப் பின்னால் கண்ணாடி உடைந்த படங்கள், வாடிய மாலைகள், பைபிள் வசனம் போட்ட காலண்டர்கள். எதிர்வீட்டுப் பத்மலோசனி கொலுவில் கை உடைந்துபோன கிருஷ்ணன் பொம்மையைக் கொண்டுவந்து வைத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள். கிருஷ்ணனைக் கொண்டுவந்த பையையும் அங்கேயே விட்டுவிட்டாள்.

என்னையும் கேட்பாய், நீ வைத்தாயா என்று. வைத்தேன். எங்கள் பூஜை அறையை ஒழித்தபோது ஒரு மூட்டை வைத்தேன். அது குப்பையா? அதைக் குப்பை என்று சொன்னால் வாய் அழுகிப் போகும்.

ரவணம்மாவுக்குத்தான் திண்டாட்டம். வண்டியில் பச்சை டப்பா, நீல டப்பா என்று வைத்திருக்கிறார்கள் அல்லவா, மக்குகிறது ஒன்றில், மக்காதது ஒன்றில். அவள் வந்து கேட்டை ஒட்டி நின்றுகொண்டு கேட்டாள்: "அம்மா, இது பச்சையில வருமா, நீலத்துல வருமா?" நான் சொன்னேன், அது எதிலும் வராது, அது சாமி என்று. அவள் "சாமிக்கு வண்டியில டப்பா இல்லம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இதை நீ எழுதிக்கோ. இது உங்கள் திட்டத்தில் உள்ள குறை. சாமிக்கு ஒரு டப்பா வைத்திருந்தால் இவ்வளவும் வந்திருக்காது.

அதோடு நிற்கவில்லை. ஜனங்கள் கெட்டிக்காரர்கள். வெற்றுப் பையில் கொட்டினால்தானே தப்பு? சாமி படம் போட்ட பையில் கட்டி வைத்தால்? லட்சுமி படம் போட்ட அரிசிப் பை, வெங்கடாசலபதி படம் போட்ட துணிக்கடைப் பை என்று வர ஆரம்பித்தன. வாயைச் சணலால் கட்டி, சாமி முகம் தெரிகிற மாதிரி நிறுத்தி வைத்து, ஒரு கும்பிடும் போட்டுவிட்டுப் போனார்கள். ஒரு பையை நாய் இழுத்துப் பிரித்தது. வெளியே லட்சுமி, உள்ளே மீன் செதிலும் குழந்தைக்குக் கட்டுகிற டயபரும்.

வாசலில் கோலம் போட முடியவில்லை. காக்காய் கூட்டம். நாற்றம் கூடத்து வரை வந்துவிட்டது. தள்ளி வைக்கச் சொல்லலாம் என்றால் யாரிடம் சொல்வது? யாரும் குப்பை போடவில்லையே, எல்லோரும் சாமி கும்பிடத்தானே வருகிறார்கள். சங்கக் கூட்டத்தில் பேச்செடுத்தேன். கஜபதி சார் முகத்தைச் சுளித்துக்கொண்டு, சாமி இருக்கிற இடத்தை நாறுகிறது என்று சொல்லாதீர்கள் அம்மா என்றார். அவர் வீடு தெருவின் அந்தக் கோடியில். அங்கே பிச்சிப் பூ வாசனை வருமாம்.

அதற்குப் பிறகு ஒரு காலையில், எனக்குத் தாங்க முடியாமல் போய், பூஜையையும் பாதியில் விட்டுவிட்டு மாடி ஜன்னலிலிருந்து ரவணம்மாவைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் அள்ளு என்றேன். அவள் தயங்கினாள். "சாமியாச்சேம்மா, ஏதாவது சொல்லுவாங்க" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"அள்ளுன்னா அள்ளு. யார் கேட்டாலும் நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

இதைத்தான் அவள் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நான் சொன்னது என்ன? அள்ளு என்று சொன்னேன். வண்டியில் போடு என்று சொன்னேனா? இல்லையே. அள்ளி, பயபக்தியோடு ஓரமாக வைத்திருக்கலாம். ஆற்றில் விட்டிருக்கலாம். ஆறு எங்கே இருக்கிறது என்கிறாயா? அதை நான் யோசிக்கவில்லை, உண்மையைச் சொல்கிறேன். அள்ளுகிறவள் யோசித்திருக்க வேண்டாமா?

அவள் என்ன செய்தாள் தெரியுமா? செருப்பைக் கழற்றிச் சுவரோரம் வைத்தாள். பிள்ளையாரைப் பார்த்து இரண்டு கையையும் குவித்துக் கும்பிட்டாள். வாய்க்குள் என்னவோ சொல்லிக்கொண்டாள். பிறகுதான் மண்வாரியை எடுத்தாள். நானே பார்த்தேன். அவளைத் தப்பு சொல்கிறேன் என்று நினைக்காதே, அவளும் பக்தி உள்ளவள்தான்.

பாதி அள்ளியிருப்பாள். பால் வாங்கப் போன கஜபதி சார் அந்த நேரம் பார்த்து வந்தார். வண்டியில் மேலாக இருந்தது பத்மலோசனி வீட்டுக் கிருஷ்ணன். பக்கத்தில் அந்த டயபர். கஜபதி சார் கையிலிருந்த பால் பாக்கெட்டோடு நடுரோட்டில் நின்று கத்த ஆரம்பித்துவிட்டார். சாமியைக் கொண்டுபோய்க் குப்பையில் போடுகிறாயா, உனக்கு எவ்வளவு தைரியம் என்று. கூட்டம் கூடிவிட்டது. பத்மலோசனி ஓடிவந்து, ஐயோ என் கிருஷ்ணா என்று அழுதாள். நிஜமாகவே அழுதாள். யாரோ செல்போனில் படம் எடுத்தார்கள்.

ரவணம்மா கொஞ்சமும் பதறவில்லை. மண்வாரியைக் கீழே வைத்துவிட்டு, நிமிர்ந்து எங்கள் மாடி ஜன்னலைப் பார்த்தாள். "அம்மாதான் அள்ளச் சொன்னாங்க" என்றாள்.

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்துக் குக்கர் விசில் அடித்தது. பருப்பு வைத்திருந்தேன். அதை விட்டுவிட்டு நான் ஜன்னலில் நிற்க முடியுமா? உள்ளே போய் அடுப்பை அணைத்தேன். அதற்கப்புறம் ரசத்துக்குப் புளி கரைக்க வேண்டியிருந்தது. எல்லாம் முடித்துவிட்டு வந்து பார்த்தேன், தெருவில் யாரும் இல்லை. வண்டி மட்டும் நின்றுகொண்டிருந்தது.

பிறகு கஜபதி சார் போன் செய்தார். அந்தப் பெண் உங்கள் பெயரைச் சொல்கிறாளே, நீங்கள் அப்படிச் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும் என்றார். நான் சொல்லவில்லை என்று பொய் சொன்னேனா? இல்லை. "அப்படியா?" என்று மட்டும்தான் கேட்டேன். பொய் சொல்லுகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

அன்றைக்கே தெரு வாட்ஸ்அப் குழுவில் அந்த வண்டிப் படத்தைப் போட்டார்கள். கீழே, இந்த அக்கிரமத்துக்கு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று கஜபதி சார் நீளமாக எழுதியிருந்தார். எல்லோரும் கும்பிடுகிற கை பொம்மை போட்டார்கள். நானும் போட்டேன். எதற்குப் போட்டேன்? படத்தில் கிருஷ்ணன் இருந்தாரே, அவருக்குப் போட்டேன். சாமி படம் வந்தால் கும்பிடாமல் எப்படிப் போவது? கஜபதி சார் என்ன செய்தார் தெரியுமா, கை போட்டவர்கள் எல்லோருடைய பெயரையும் சேர்த்துப் புகாராக அந்த காண்ட்ராக்ட் கம்பெனிக்கு அனுப்பிவிட்டார். கும்பிட்ட கையெல்லாம் கையெழுத்து ஆகிவிட்டது. என் பெயர் முதலில் இருக்கிறதாம், சுவர் எங்களுடையது என்பதால்.

அதற்கு நான் என்ன செய்வேன்? போட்ட கையைத் திரும்ப எடுத்தால் சாமியைக் கும்பிட மறுத்த மாதிரி ஆகாதா?

நேற்று ரவணம்மா வந்தாள். வேலை உடுப்பு இல்லாமல், சாதாரணப் புடவையில் வந்ததால் எனக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. கேட்டுக்கு வெளியேதான் நின்றாள், உள்ளே வா என்று சொன்னாலும் வர மாட்டாள். நான் சொல்லவும் இல்லை. அவள் டம்ளரில் காபி கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். இந்த வேலையை விட்டால் அவளுக்கு வேறு வழியில்லையாம். வீட்டுக்காரர் படுத்த படுக்கை, மகள் இப்போதுதான் நர்ஸிங் சேர்ந்திருக்கிறாளாம். ஒரு தடவை கறுப்புப் புள்ளி விழுந்துவிட்டால் எந்த காண்ட்ராக்டிலும் சேர்த்துக்கொள்ள மாட்டார்களாம்.

"நாளன்னிக்கு சூப்பர்வைசர் சார் வந்து கேட்பாருங்க. நீங்கதான் அள்ளச் சொன்னீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கம்மா. வேற எதுவும் வேணாம்" என்றாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. நான் கல்நெஞ்சுக்காரி இல்லை. உள்ளே போய், அதிகம் கட்டாத ஒரு சேலையை எடுத்துவந்து கொடுத்தேன். அவள் அதை வாங்கவில்லை. காபி டம்ளரைச் சுவர் மேல் வைத்துவிட்டு, "வர்றேம்மா" என்று போய்விட்டாள். சேலை நல்ல சேலை, கொஞ்சம்கூடச் சாயம் போகாதது. நல்லதுக்குக் காலம் இல்லை.

இவர் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "நீதானே சொன்னே. சொன்னதைச் சொன்னேன்னு சொல்லிட்டுப் போயேன்" என்றார். ஆண்களுக்கு என்ன, சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். நாலு பேரோடு பழகுகிறது நான் அல்லவா? அந்தப் பெண் வராததால் தெருவில் எல்லோர் வீட்டுப் பையும் தேங்கிப் போய்க் கிடக்கிறது, இவருக்கே இப்போது வாக்கிங்கில் இரண்டு கையிலும் பை. அந்த அலுப்பில் பேசுகிறார்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. உன்னிடம் சொன்னால் என்ன. அந்த இடத்தைப் புனிதப்படுத்த வேண்டும் என்று சங்கத்தில் முடிவு செய்துவிட்டார்கள். மேலே சின்னதாக ஒரு கூரை, ஒரு மணி, கம்பிக் கதவு. செட்டில் மற்ற இரண்டு டைல்ஸையும் என்ன செய்வது என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள், அது வேறு கதை. முதல் விளக்கு நான்தான் ஏற்ற வேண்டும் என்று கஜபதி சார் சொல்லிவிட்டார். 'உபயம்: சௌந்தரவல்லி' என்று கல்லில் என் பெயர் வரப் போகிறது. கல் வெட்டக் கொடுத்தாயிற்று. இந்த நேரத்தில் போய், சாமியை அள்ளச் சொன்னது நான்தான் என்று சொன்னால் எப்படி இருக்கும்? என்னை விடு. தெருவில் பக்தி என்ன ஆகும்? ஒரு ஆளுக்காக ஒரு தெருவே மனம் நோக வேண்டுமா?

அதனால் நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். நாளைக்குச் சூப்பர்வைசர் வந்து கேட்டால் அவளைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். நல்ல பெண், நேரத்துக்கு வருவாள், மரியாதை தெரிந்தவள் என்று சொல்வேன். அவளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

என்னம்மா, எழுதுவதை நிறுத்திவிட்டாய்? என்ன கேட்டாய்? இவ்வளவு மெல்லப் பேசினால் காதில் எப்படி விழும். அள்ளச் சொன்னது நான்தான் என்று சொல்வேனா, மாட்டேனா என்றா?

அது உன் கையிலிருக்கிற டேப்லெட்டில் வருகிற கேள்வியா? காட்டு பார்ப்போம். இல்லையே. இருந்தால் பதில் சொல்லியிருப்பேன். இல்லாத கேள்வியை நீயாகக் கேட்கக் கூடாதம்மா, வேலைக்குப் புதிது போலிருக்கிறது. இன்னும் எத்தனை பாக்கி? கடைசியா? படி.

'உங்கள் தெருவின் தூய்மைக்கு முதன்மையான பொறுப்பு யாருடையது?' நல்ல கேள்வி. கார்ப்பரேஷன், தூய்மைப் பணியாளர், பொதுமக்கள். ஒன்றைத்தான் தொட வேண்டுமா? யோசிக்கவே வேண்டாம், பொதுமக்கள் என்று போடு. நம்மை விட்டால் வேறு யார் பொறுப்பு?

பெயரா? பெயர் எதற்கு? அதுதான் பொதுமக்கள் என்று போட்டுவிட்டாயே.